காசு கொடுத்தவனுக்கு அணில், காவல் காக்கிறவனுக்கு யானை

"சிறுத்தை கேரண்டி. தெரியலைன்னா பாதிப் பணம் வாபஸ்."

இப்படி ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்ல சுத்திட்டு இருக்கு. யார் போட்டதுன்னு சொல்லமாட்டேன் (இலவச விளம்பரம் நான் எதுக்குக் கொடுக்கணும்?). யானை நிச்சயமாம். சிறுத்தை கேரண்டியாம். கரடி மட்டும் 'லக் இருந்தா'வாம். காலை டிபனும் அதுலயே சேர்த்தி.

படிச்சதும் வந்துச்சு பாருங்க ஒரு எரிச்சல்!

சிறுத்தை என்ன, சிப்காட் கம்பெனியில ஆறு மணி ஷிப்டுக்குக் கார்டு தேய்க்கிற ஆளா? நீங்க ஜீப்ல வர்ற நேரத்துக்கு அது ரோட்டோரம் வந்து நிக்கணுமா?

எரிச்சலுக்குக் காரணம் இருக்கு. போன கோடையில பெங்களூர்லேர்ந்து மச்சான் குடும்பத்தோட கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கிற எங்க ஊர் பாரூருக்கு வந்திருந்தான். ரெண்டு நாள் ஏரியைப் பார்த்தான், மாம்பழம் தின்னான், மூணாவது நாள் போர் அடிச்சிடுச்சு.

"மாமா, உங்க மாவட்டத்துல காடு இருக்குன்னு சொல்றீங்க, ஒரு மிருகம்கூட காட்டமாட்டேங்கறீங்களே?"

சரி வாடான்னு கிளம்புனோம். அவனே ஆன்லைன்ல ஒரு டூர் புக் பண்ணியிருந்தான். கர்நாடகா பக்கம், ஒரு தனியார் ஆளோட ஜீப். (பேர் கேட்காதீங்க. சொல்லமாட்டேன்.)

விடியறதுக்கு முன்னாடி ஏறி உட்கார்ந்தாச்சு. ஒரு ஜீப்புக்குப் பத்துப் பேர். ஒருத்தர் போட்டிருந்த சென்ட் வாசனை எனக்கே மூக்கை அடைச்சுது. பின் சீட்ல சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம். டிரைவர் கையில போன். போன் அடிச்சா போதும், "சைட்டிங், சைட்டிங்!"னு கத்திட்டு வண்டியை விரட்டுவார். போய்ப் பார்த்தா அங்க ஏற்கெனவே நாலு ஜீப் நிக்கும். எல்லாரும் எழுந்து நின்னு ஒரு புதரைப் பார்த்துட்டு இருப்பாங்க. புதர் நல்லாத்தான் இருந்துச்சு.

மொத்தத்துல பார்த்தது: புள்ளிமான் ஒரு கூட்டம், குரங்கு எக்கச்சக்கம், மயில் ரெண்டு (அது கணக்குல வராது, பறவை). திரும்பி வந்து டீ குடிக்கும்போது கடை ஓட்டு மேல ஒரு அணில்.

மச்சான் மூஞ்சி தொங்கிப்போச்சு. அவன் பொண்ணு மட்டும் ஒரு கேள்வி கேட்டுச்சு.

"மாமா, அணிலும் மேமல்தானே? அப்ப மூணு பார்த்துட்டோம்ல?"

கரெக்டுடா கண்ணு. அந்த ஜீப்ல விவரமா இருந்தது நீ ஒருத்திதான்.

இப்ப கொஞ்சம் கணக்குப் பேசுவோம். உலகத்துல இருக்கிற பாலூட்டி இனங்கள் ஏறத்தாழ 6,500. அதுல ஐந்துல ரெண்டு பங்கு எலி, அணில், முள்ளம்பன்றி வகையறா, அதாவது கொறிக்கிற ஜாதி. வௌவால் மட்டுமே 1,400 இனத்துக்கு மேல. இந்த ரெண்டையும் கழிச்சுட்டா மிச்சம் பாதிகூட இல்லை. யானை, புலி, சிறுத்தை, கரடியெல்லாம் அந்த மிச்சத்துக்குள்ளயும் ஒரு சின்ன மூலை. நாம காசு கட்டுறது அந்த மூலைக்கு மட்டும்தான்.

ரெண்டாவது சிக்கல், டிவி. ஆப்பிரிக்காவுல புல்வெளி. கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் வெட்டவெளி. சிங்கம் எங்க படுத்தாலும் தெரியும். அதைப் பார்த்துப் பழகின கண்ணோட நம்ம காட்டுக்குள்ள வந்தா ஏமாற்றம்தான். இங்க முள்ளுக்காடு, மூங்கில், அதுக்கு அடியில உண்ணிச்செடி. அந்த உண்ணிச்செடி இருக்கே, அது வெள்ளைக்காரன் காலத்துல அழகுக்காகக் கொண்டுவந்து வெச்சது. இன்னைக்கு காட்டையே மூடிடுச்சு. மழைக்கு அப்புறம் பத்தடியில யானை நின்னாலும் தெரியாது. (கிளைக்கதை: கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் இதே உண்ணிச்செடிக் குச்சியை வளைச்சு ஆள் உயரத்தைத் தாண்டி நிஜ அளவுல யானை பொம்மை செஞ்சாங்க. 2021ல லண்டன் பூங்காக்கள்ல கொண்டுபோய் நிறுத்தி வெச்சாங்க. யானையை மறைக்கிற செடியிலயே யானை! எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.)

மழைக்காடுன்னா இன்னும் மோசம். போர்னியோவுல கினபடாங்கன்னு ஒரு ஆறு. அங்க டூர் போறவங்க காட்டுக்குள்ள நடந்து தேடுறதைவிட படகுல உட்கார்ந்து பார்க்கிறதுதான் அதிகம். சாயங்காலம் ஆனா குரங்கு, யானையெல்லாம் ஆத்தோரத்துக்கு வரும். மனுஷன் சும்மா தண்ணி மேல உட்கார்ந்திருந்தா போதும்.

பார்த்தீங்களா? துரத்துறது இல்லை. உட்கார்றது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எந்த கைடும் இல்லைங்க. என் சின்ன மாமனார். தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துல காட்டோரம் ராகி போடுறவர். அவர்கிட்ட இந்த 'கேரண்டி' விளம்பரத்தைக் காட்டுனேன். சிரிக்கவே இல்லை.

"காசு கொடுத்துப் போயி பார்க்கிறாங்களா? இங்க வரச்சொல்லு மாப்ளே. நான் காசு தர்றேன், ஓட்டிட்டுப் போகட்டும்."

இதுல விளையாட்டு எதுவும் இல்லை. நம்ம ஓசூர் வனக்கோட்டம் எப்படி இருக்குன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். வடக்கே பன்னேர்கட்டா. அங்கேர்ந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவுன்னு காடு துண்டுதுண்டா வருது. நடுவுல ஊரு, வயலு, ரோஸ் தோட்டம், கம்பெனி. தெற்கே அஞ்செட்டி, மேலகிரி மலை, அப்படியே காவிரி. யானைக்கு இதெல்லாம் ஒரே வழித்தடம். அக்டோபர், நவம்பர்ல ராகி கதிர் பிடிக்க ஆரம்பிச்சா கர்நாடகாவுலேர்ந்து கூட்டம் கூட்டமா இறங்கும். ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் இந்தத் துண்டுக் காடுகள்ல பகல்ல தங்கும், ராத்திரி வயலுக்கு வரும். எல்லா வருஷமும் இதே கதை.

ஒரு சீசன்ல மாமனாரோட பரண் மேல போய் உட்கார்ந்தேன். (மனைவிக்கு சொல்லாம. இப்ப படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.)

கையில டார்ச், ஒரு தகரம், பட்டாசு ஒரு பொட்டலம். கீழ நாய். அவ்வளவுதான் அவர் சாமான். பைனாகுலர் எடுத்துட்டுப் போன என்னைப் பார்த்து, "இருட்டுல இதை வெச்சு என்ன பண்ணுவே?"ன்னார். நியாயமான கேள்வி.

அங்க கத்துக்கிட்டதை அப்படியே சொல்றேன்.

முதல்ல காது. யானை அவ்வளவு பெருசு, ஆனா நடக்கிற சத்தமே வராது. பாதம் மெத்து மெத்துன்னு. கிளை முறியற சத்தம் வந்தா இன்னும் காட்டோரம்தான் நிக்குதுன்னு அர்த்தம். அது வயலுக்குள்ள வந்துடுச்சுன்னா வேற சத்தம். ராகித் தூரைத் தும்பிக்கையால பிடுங்கி, முன்னங்கால்ல 'தப்பு தப்பு'ன்னு அடிச்சு வேர்ல இருக்கிற மண்ணை உதறிட்டுத்தான் வாயில வெக்கும். சுத்தக்காரன். அந்த 'தப்பு'ச் சத்தம் கேட்டா மாமனார் கை தன்னால தகரத்துக்குப் போயிடும்.

அப்புறம் நாய். நரிக்கு ஒரு குரைப்பு, காட்டுப்பன்றிக்கு ஒரு குரைப்பு. பன்றின்னா முன்னால பாயும். யானைன்னா பரண் கால்கிட்ட வந்து ஒட்டிக்கிட்டு முனகும். சிறுத்தைன்னா சத்தமே இருக்காது, நாயே காணாமப் போயிருக்கும் (பயந்து வீட்டுக்குள்ள ஓடியிருக்கும்னு நம்புவோம்).

மூணாவது, காத்து. திருநீறு கொஞ்சம் எடுத்து விரலால தூவி விடுவார். அது எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் இருக்கிற மிருகத்துக்கு நாம இருக்கிறது தெரிஞ்சுபோச்சு. யானையோட மோப்பம் அந்த மாதிரி. சென்ட் அடிச்சிட்டு ஜீப்ல போறவங்களுக்கு இதைத்தான் சொல்ல ஆசை: நீங்க கேட் தாண்டுறதுக்கு முன்னாடியே காடு முழுக்க உங்க வருகை தெரிஞ்சாச்சு.

நாலாவதுதான் எனக்குப் பிடிச்சது. காலையில வரப்புல ஈர மண்ணு. அதுல வட்டமா ஒரு தடம். மாமனார் இடுப்புலேர்ந்து அரைஞாண் கயிறு மாதிரி ஒரு சணல் கயித்தை எடுத்தார். முன்னங்கால் தடத்தோட விளிம்பைச் சுத்தி அந்தக் கயித்தை வெச்சார். அளவு வந்த இடத்துல முடிச்சு. அப்புறம் அதே நீளத்தை ரெண்டு மடங்கா நிமித்திப் பிடிச்சார். அவர் தலைக்கு மேல போச்சு.

"இவ்வளவு உசரம். தோள் வரைக்கும்."

முன்னங்கால் சுற்றளவை ரெண்டால பெருக்குனா யானையோட தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துடும். யானை ஆராய்ச்சி பண்றவங்களும் இதே கணக்கைத்தான் வெச்சிருக்காங்க. அவங்ககிட்ட டேப், இவர்கிட்ட சணல். நடுவுல வித்தியாசம் அவ்வளவுதான்.

யானையை நேர்ல பார்த்தியான்னு கேட்பீங்க. பார்த்தேன். டார்ச் வெளிச்சத்துல ஒரு பின்பக்கம், ஒரு வால். ராகி வாயோட காட்டுக்குள்ள போயிட்டு இருந்தது. பக்கத்துல மாமனார் எதுவும் பேசலை. அவர் பார்த்துட்டு இருந்தது யானையை இல்லை. மிதிபட்ட வயலை. எனக்கு வந்த சந்தோஷத்தை வெளிய காட்டிக்கவே கூச்சமா போச்சு.

(நஷ்டஈடு உண்டு. எழுதிக் கொடுக்கணும், போட்டோ எடுக்கணும், அலையணும். தூக்கம் போனதுக்கு எந்த படிவத்துலயும் இடம் இல்லை.)

இதோட இன்னொரு முகமும் இருக்கு. 2023 மார்ச்ல, நமக்குப் பக்கத்து மாவட்டத்துல மாரண்டஅள்ளிகிட்ட வயலுக்குத் திருட்டுத்தனமா போட்டிருந்த மின்வேலியில மாட்டி மூணு யானை செத்துப்போச்சு. ரெண்டு குட்டி தப்பிச்சு, செத்துக்கிடந்த பெரிய யானைகளைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. வயலைக் காப்பாத்தணும்ங்கிற கஷ்டம் எனக்குப் புரியும். அதுக்காக மின்சாரத்தை நேரா வேலியில விடறதை நியாயப்படுத்த முடியாது. யானை மட்டுமில்ல, மாடு மேய்க்கிற மனுஷனும் செத்திருக்கான். இதுக்கு மாத்தா ஓசூர் கோட்டத்துல வனத்துறை இரும்புக் கம்பி வட வேலி போட்டுட்டு வருது. மின்சாரம் கிடையாது, முறுக்குன கம்பி வடம். அது நல்ல வேலை, சொல்லியே ஆகணும்.

சரி, பாரூருக்கு வருவோம்.

எங்க ஊர் யானை ஊர் இல்லை. பெரிய ஏரி, அதுக்கு தென்பெண்ணைத் தண்ணி, சுத்தியும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. மீன்வளப் பல்கலைக்கழகத்தோட மையம் ஒண்ணு இருக்கு, கிஃப்ட் திலேப்பியா மீன்குஞ்சுக்கு அது பேர்போனது. போச்சம்பள்ளி சிப்காட் ஆனதுலேர்ந்து ரோட்டுல லாரி ஓட்டமும் ஜாஸ்தி. இங்க என்ன காட்டு மிருகம் இருக்கப்போகுதுன்னு நானும் ரொம்ப நாள் கேட்டவன்தான்.

பரண்ல கத்துக்கிட்டு வந்த பிறகு தோப்புல முயற்சி பண்ண ஆரம்பிச்சேன்.

டார்ச்சை இடுப்புகிட்ட பிடிச்சுட்டு எவ்வளவு சுத்துனாலும் ஒண்ணும் தெரியாது. அதையே கண்ணுக்குப் பக்கத்துல, கன்னத்தோட ஒட்டிப் பிடிச்சுப் பாருங்க. ராத்திரி மிருகங்களோட கண்ணுக்குப் பின்னால வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற ஒரு படலம் இருக்கு. அது வந்த வழியிலயே திரும்பிப் போகும். அதனால டார்ச் கண்ணுகிட்ட இருந்தாத்தான் அந்த மினுக்கு நமக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தை எந்த டூர்க்காரனும் சொல்லித்தரலை.

டார்ச் முகத்துல சிவப்பு ஜெலட்டின் பேப்பர் ஒட்டினா இன்னும் நல்லது. பாலூட்டிகள்ல பெரும்பாலானதுக்கு சிவப்பு சரியா தெரியாது. (இதனாலதான் புலியோட ஆரஞ்சு நிறம் நமக்கு பளிச்சுன்னு இருக்கு, மானுக்கு அது பச்சைப் புல்லோட கலந்துபோகுது. மானுக்கு இப்படி ஒரு அநியாயம்!)

முதல்ல என்ன மாட்டுச்சு? சிலந்தி. தரையில குட்டிக்குட்டியா வைரம் கொட்டுன கணக்கா மினுக்கும். ஓநாய்ச் சிலந்தின்னு சொல்லுவாங்க. அப்புறம் பச்சையா ரெண்டு பெரிய கண்ணு. கூட வந்திருந்த மச்சான் "புலி!"ன்னு என் கையைப் பிடிச்சான். பக்கத்து வீட்டு எருமை. அது எங்களைப் பார்த்துட்டு அசை போட்டுச்சு.

அப்புறம்தான் மரநாய்.

மாமரத்து மேல ரெண்டு கண்ணு, கிளையோட கிளையா ஒரு நீள வால். மூஞ்சியில முகமூடி போட்ட கறுப்பு. எங்களைப் பார்த்தும் ஓடலை. பழத்தை முகர்ந்து பார்த்துச்சு, வேண்டாம்னு விட்டுச்சு, அடுத்ததுக்குப் போச்சு. நல்லா பழுத்ததை மட்டும் எடுத்துச்சு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாம்பழத்தைத் தரம் பிரிக்க அதைவிட ஆள் கிடையாது. காலையில தோப்புச் சுவர் மேல அது போட்டுட்டுப் போறதைப் பாருங்க, முழுக்கக் கொட்டை. ஈச்சங்கொட்டை, வேப்பங்கொட்டை, இன்னும் எனக்குப் பேர் தெரியாத காட்டுக் கொட்டை. விதை போடுறதுக்குக் கூலி கேட்காத ஆளு.

இதேபோல பகல்ல அணிலைக் கேளுங்க. கேளுங்கன்னா நிஜமாவே காதால கேளுங்க. சும்மா 'கீச் கீச்'சுன்னா ஒண்ணுமில்லை. விடாம, வாலைத் தூக்கித் தூக்கி, ஒரே இடத்தைப் பார்த்துக் கத்துச்சுன்னா கீழ பூனையோ பாம்போ கீரியோ இருக்கு. நான் கீரிப்பிள்ளையைப் பார்த்ததுல பாதிக்கு மேல அணில் காட்டிக்கொடுத்துத்தான். காசு வாங்காத கைடு.

அப்புறம் பழந்தின்னி வௌவால். இறக்கையை விரிச்சா ஒரு மீட்டருக்கு மேல. பொழுது சாயற நேரம் ஏரிக்கரையில நின்னா ஒண்ணொண்ணா போகும். இலுப்பை, ஆலு, அத்தின்னு எத்தனை மரத்துக்கு இதுதான் விதை தூவுது. நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? 1972 வனவிலங்குச் சட்டத்துல பழந்தின்னி வௌவாலை எலி, காக்காவோட சேர்த்து 'தொல்லை பிராணி' பட்டியல்ல வெச்சிருந்தாங்க. யார் வேணா கொல்லலாம். 2022ல சட்டத்தைத் திருத்துனப்பதான் அந்தப் பட்டியலே போச்சு. அம்பது வருஷம்!

இதெல்லாம் பார்த்துட்டு, "சரி மாமா, ஆனா பெரிய மிருகம்?"னு மச்சான் திரும்பவும் ஆரம்பிச்சான்.

அதுக்கும் வழி இருக்கு. அஞ்செட்டி போற அரசு பஸ்.

சிரிக்காதீங்க. தேன்கனிக்கோட்டையில ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிங்க. ஜீப்பைவிட உயரம். வளைவுல மெதுவாத்தான் போகும். தினமும் அதே ரோட்டுல போற டிரைவருக்கு எந்தத் திருப்பத்துல எது நிக்கும்னு மனப்பாடம். கூட வர்ற சனத்துக்கும் தெரியும். "அதோ பாரு சாமி, இடதுபக்கம்"னு ஒரு பாட்டி எனக்குக் காட்டுன யானைக் கூட்டத்தை எந்த டூர்க்காரரும் காட்டலை. டிக்கெட் காசுல யானை, ஊர்க்கதை ரெண்டும்.

இந்த ரோட்டுக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. பெங்களூர்ல இருந்த கென்னத் ஆண்டர்சன் சுத்துன காடு இது. ஜவளகிரி ஆட்கொல்லிப் புலி, சிவனிப்பள்ளி கறுஞ்சிறுத்தைன்னு நம்ம ஊர்ப் பேரெல்லாம் அவர் எழுத்தாலதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. முதல் புத்தகம் 1954ல வந்தது. வேட்டைக்காரர்தான், அதுல எனக்கு மரியாதை இல்லை. ஆனா அவர் எழுத்துல துப்பாக்கியைவிட அதிகமா வர்றது ராத்திரி முழுக்க உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறது. கடமான் எங்க கத்துச்சு, மந்தி எப்ப எச்சரிச்சுது, சத்தம் எந்தப் பக்கமா நகருது. இதை வெச்சுத்தான் புலி எங்க நடக்குதுன்னு சொல்லுவார். இப்ப அவர் பேர்ல ஒரு இயற்கைச் சங்கம் மேலகிரியில காட்டைப் பாதுகாக்கிற வேலை பார்க்குது. வேட்டைக்காரர் பேருக்கு இப்படி ஒரு பாவமன்னிப்பு.

அஞ்செட்டியைத் தாண்டி நாட்றாம்பாளையம், அதையும் தாண்டுனா பிலிகுண்டுலு. இந்தப் பேரை நீங்க நியூஸ்ல கேட்டிருப்பீங்க. கர்நாடகா விடற காவிரித் தண்ணியை மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற இடம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி வருஷத்துக்கு 177.25 டிஎம்சி இங்கதான் வந்து சேரணும். டிவியில டிஎம்சி மட்டும்தான் வரும். அந்தத் தண்ணியில யாரு இருக்காங்கன்னு யாரும் சொல்லமாட்டாங்க.

நீர்நாய் இருக்கு.

மூணு தலை தண்ணிக்கு மேல வந்துச்சு. 'கீய்ங்'னு விசில். ஒண்ணு ஒரு மீனைக் கவ்விட்டுப் பாறை மேல ஏறுச்சு. ரெண்டு முன்னங்கையாலயும் மீனைப் பிடிச்சுக்கிட்டு, தலையிலேர்ந்து ஆரம்பிச்சு, நறுக் நறுக்குன்னு. மீசையில தண்ணி சொட்டுது. மிச்ச ரெண்டும் பக்கத்துல வந்து கேட்டுப் பார்த்துச்சு, கொடுக்கலை. சாப்பிட்டு முடிச்சு, பாறையில உருண்டு ரோமத்தைத் துவட்டிக்கிட்டு, போறதுக்கு முன்னால அங்கயே ஒரு எச்சம். அப்புறம் போய்ப் பார்த்தேன், முழுக்க மீன் செதிள், முள்ளு, நாத்தம் தாங்கலை. ஆத்தங்கரைப் பாறையில இப்படிச் செதிள் மினுக்குற எச்சம் பார்த்தீங்கன்னா பக்கத்துல நீர்நாய் உண்டு. அங்கயே உட்காருங்க.

அதே கரையில நீர்மருது மரம் வரிசையா இருக்கும். அண்ணாந்து பாருங்க. உச்சியில இலைக்கூடு பெருசா தெரிஞ்சா அது சாம்பல் அணிலோட வீடு. வீட்டு அணிலைப்போல பத்து மடங்குக்கு மேல, பெருசா இருந்தா ஒன்றரை கிலோவைக்கூடத் தாண்டும், உடம்பு நீளத்துக்கு வால். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இதுக்குன்னே சரணாலயம் இருக்கு. காவிரிக் கரையிலயும் இருக்குன்னு நம்ம மாவட்டத்துலயே பலருக்குத் தெரியாது. மரம் விட்டு மரம் தாவித்தான் போகும். நடுவுல நாலு மரத்தை வெட்டுனா அதுக்கு ரோடு போச்சு.

இந்தக் காடெல்லாம் இப்ப சரணாலயம். காவிரி வடக்கு 2014ல அறிவிச்சாங்க, காவிரி தெற்கு 2022 நவம்பர்ல. தெற்குப் பகுதி மட்டும் 686 சதுர கிலோமீட்டர். அறிவிப்புல 35 வகைப் பாலூட்டி, 238 வகைப் பறவைன்னு கணக்கு கொடுத்திருந்தாங்க. அதனால ஆசைப்பட்ட இடத்துல வண்டியை நிறுத்திட்டு உள்ள நடக்கிற வேலை வேண்டாம். அனுமதியில்லாம காட்டுக்குள்ள போனா வழக்கு. வழக்குக்கு முன்னாடி யானையும் இருக்கு. முறையா போகணும்னா தேன்கனிக்கோட்டை பக்கத்துல வனத்துறையோட அய்யூர் சூழல் பூங்கா இருக்கு, கேட்டுட்டுப் போங்க. குழந்தைங்களுக்கு சிறுத்தையைக் காட்டியே ஆகணும்னா பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுல 2024லேர்ந்து சிறுத்தை சஃபாரி நடக்குது. வேலி போட்ட இடம்தான். ஆனா வேலின்னு சொல்லிட்டே காட்டுறாங்க, காடுன்னு சொல்லி ஏமாத்தலை. அந்த நேர்மை எனக்குப் போதும்.

என் தீர்ப்பு இதுதான்: கேரண்டி கொடுக்கிறவன்கிட்ட போகாதீங்க. கேரண்டி கொடுத்தவன் எப்படியாவது காட்டியே ஆகணும். அதுக்காக வழி மறிப்பான், ஹாரன் அடிப்பான், குட்டியோட நிக்கிற யானைகிட்ட ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்துவான். "இன்னைக்கு ஒண்ணும் தெரியாமப் போகலாங்க"ன்னு முதல்லயே சொல்ற ஆளு கிடைச்சா அவரோட போங்க. காட்டோரத்து ஊர்ல மாடு மேய்ச்சவர், காவல் காத்தவர் யாராவது கைடா வந்தா இன்னும் நல்லது. அந்தக் காசு அவங்க கைக்குப் போகட்டும். யானையால ராகியை இழந்த வீட்டுக்கு யானையால நாலு காசு வந்தா அதுல ஒரு நியாயம் இருக்கு.

கடைசியா ஒரு வேண்டுகோள். ராகி சீசன் வரப்போகுது. ஓசூர், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில சானமாவு, பேரண்டப்பள்ளி பக்கம் யானை ரோட்டைத் தாண்டும். உடனே பைக்கு, காரு, லாரி எல்லாம் நிக்கும், ஆளாளுக்கு போனைத் தூக்கிட்டு ரோட்டு நடுவுல இறங்குவாங்க. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு யானை திரும்பும், குட்டி ஒரு பக்கம் தாய் ஒரு பக்கம் பிரியும். அன்னைக்கு ராத்திரி அந்தக் கோபத்தோட அது போய் நிக்கிறது யாரோ ஒருத்தர் வயல்ல. வனத்துறை ஆளுங்க போகச் சொன்னா போயிடுங்க. அவங்க இல்லைன்னா ரொம்பத் தள்ளியே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காம, கண்ணாடியை ஏத்திட்டு உள்ளயே உட்காருங்க. அது தாண்டிப் போகட்டும். வீடியோ வேண்டாம்.